ஆமைக்குன்றைச் சுற்றி ஏழு பாதை

ஆமைக்குன்றம்,
சிங்கவரம் வழி, செஞ்சி.

பெருமதிப்பிற்குரிய 'வட்டாரச் சுவடு' காலாண்டிதழின் ஆசிரியர் திரு. அஜித்நாதன் அவர்களின் சமூகத்திற்கு,

ஓய்வுபெற்ற பேருந்து நிலைய டைம்கீப்பர் ம. கன்னியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. என் மனைவி தைலம்மாளின் முழங்கால் நீங்கலாக இவ்விடம் யாவரும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் இதழின் நலத்தையும் அறிய ஆவல். அதைவிட, என் கட்டுரை இன்னும் அச்சுக்கு ஏறவில்லை என்று அறிய மிகமிக ஆவல்.

விஷயம் இதுதான். 'ஆமைக்குன்றின் பல்லவர் காலக் கிரிவலப் பாதைகள் ஏழு' என்ற என் கட்டுரையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அரிய கண்டுபிடிப்பு என்று தாங்கள் போனில் பாராட்டினீர்கள். 'ஆய்வாளர் கன்னியப்பன்' என்று பெயர் போடுவதாகவும் சொன்னீர்கள். முப்பத்திரண்டு வருஷம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டிரைவர்களும் கண்டக்டர்களும் பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் என்னை என்னென்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை ஒரு வரலாற்று இதழுக்கு எழுத முடியாது. அப்படிப்பட்டவனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு இனித்தது தெரியுமா? மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு வாசல் கேட்டில் எழுதச் சொல்லிவிட்டேன். அது இன்னும் காயவில்லை. அதற்குள் மானம் போகும் நிலைமை வந்துவிட்டது. கட்டுரை வெளிவந்தால், வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒரே ஒருவர் படித்தால் போதும், நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய நில வரைபடங்களை இப்போது இண்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் ஊர் இருக்கும் தாளை இறக்கி, செஞ்சியில் ஒரு கடையில் கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் அளந்து போட்டது. கலர் பிரிண்ட் வேண்டுமா என்று கடைப்பெண் கேட்டாள், வரலாற்றுக்கு எதுக்கும்மா கலர் என்றேன். ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த பகுதியையும் வெட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், எங்கள் ஆமைக்குன்றைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கோடுகள்! ஒவ்வொரு கோட்டிலும் ஓர் எண். 500, 550, 600 என்று போய் உச்சியில் 800. ஐயா, வாழ்நாள் முழுக்கத் தடம் எண்ணோடு குப்பை கொட்டியவன் நான். தாளில் கோடு இருந்து அதில் எண்ணும் இருந்தால் எனக்கு அது ரூட்தான், வேறொன்றும் தோன்றாது. மலையைச் சுற்றி ரூட் என்றால் கிரிவலம். ஏழு ரூட் என்றால் ஏழு கிரிவலம். திருவண்ணாமலையிலேயே ஒன்றுதான் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல்லவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். மண்டகப்பட்டு வரைக்கும் வந்து குகை குடைந்த மகேந்திரவர்மன், பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஒரு நடை வராமலா போயிருப்பான் என்று நானே அழைத்து வந்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குன்றின் மேல் இருக்கும் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா வீரமணியிடம் காட்டினேன். அவர் ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா டைம்கீப்பரே, எங்க தாத்தா சொல்லுவாரு, இப்பதான் ஞாபகம் வருது" என்றார். அவருக்கு ஞாபகம் வந்ததும் ஊருக்கே வந்துவிட்டது. டீக்கடையில் ஒருத்தர் தன் மாமனார் 600-ல் மாடு ஓட்டினதாகச் சொன்னார். எல்லாவற்றையும் 'வாய்மொழிச் சான்றுகள்' என்ற தலைப்பில் தங்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டுமாவது கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பௌர்ணமியன்று சாயங்காலம் கிரிவலத் தொடக்க விழா. டைம் அட்டவணை என் பொறுப்பு. 500-ஆம் தடம் மணி நான்குக்கு, 550 நான்கு ஐந்துக்கு என்று விசில் ஊதி ஒவ்வொரு கோஷ்டியாக அனுப்பினேன். நானூறு பேருக்குக் குறையாது. உச்சியில் இருக்கும் 800-தான் படத்தில் ஆகச் சின்ன வட்டம், அதனால் அதை வயதானவர்களுக்கும் மூட்டு வலிக்காரர்களுக்கும் ஒதுக்கியிருந்தேன். அந்த வட்டத்துக்குப் போகவேண்டுமானால் முதலில் மலை ஏறவேண்டும் என்பது படத்தில் தெரியவில்லை. தைலம்மாள் ஒரு மணி நேரம் ஏறி, ஒரு பாறையை அரை நிமிஷத்தில் சுற்றி, ஒன்றரை மணி நேரம் இறங்கி வந்தாள். "இந்தக் கல்லச் சுத்தவா என்னை இம்மாந்தூரம் ஏத்துன? நம்ம வீட்டு அம்மிக்கல்லு போதாதா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். நான் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

500-ஆம் தடம் நேராகப் பாகுபலியின் மல்லாட்டைக் கொல்லைக்குள், அதாவது வேர்க்கடலை வயலுக்குள், போனது. அவர் பரம்பரையாக விவசாயமும் வியாபாரமும் பார்க்கிற ஜைனக் குடும்பத்துக்காரர், உரக்கப் பேசத் தெரியாதவர். "சாமி காரியம், வேணாம்னு சொல்லல. செடிய மட்டும் பாத்துக் காலை வைங்கப்பா, பூ வெச்சிருக்குது" என்று கெஞ்சிக்கொண்டே கூட வந்து, கடைசியில் அவரும் முழுச்சுற்றும் சுற்றிவிட்டார். 550-க்காரர்கள் முள்ளில் மாட்டிக்கொண்டு வேட்டியோடு கொஞ்சம், வேட்டி இல்லாமல் கொஞ்சமாகத் திரும்பினார்கள். வீரமணி மேளதாளத்தோடு 650-க்குத் தலைமை தாங்கிப் போயிருந்தார். அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து போன்.

"டைம்கீப்பரே, ரோடு முடிஞ்சிபோச்சு."

"முடியாது வீரமணி, மேப்புல இருக்குது. நேராப் போங்க."

"மேப்புல இருக்குதுய்யா, மலையில இல்ல. எல்லாரும் பாறை விளிம்புல நிக்கிறோம். மேளக்காரன் ஒரு காலைத் தூக்கிக்கினு நிக்கிறான்."

"பக்கத்துலயே 500 வரும் பாருங்க. தெக்கால எல்லா ரூட்டும் ஒட்டினாப்பல போவுது, மாறிக்கலாம்."

"தெரியுது. நேர் கீழ தெரியுது. பாகுபலியோட வழுக்கத் தலை தெரியுது. குதிக்கச் சொல்றியா இன்னா?"

தெற்கே கோடுகள் நெருங்கி இருப்பதைப் பார்த்து, 'அப்பக்கம் பக்தர் கூட்டம் மிகுதியாக இருந்திருக்கவேண்டும்' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன் ஐயா. அந்த வரியை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நல்லவேளை, ஒருவருக்கும் அடி இல்லை, வந்த வழியே திரும்பிவிட்டார்கள். ஊரார் என்னைக் குறை சொல்லவும் இல்லை. பல்லவர் காலத்துப் பாதை சிதிலமாகிவிட்டது என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் சென்னையிலிருந்து என் மகள் கலைமதி வந்தாள். அவள் சிவில் இன்ஜினீயர். கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள், விழா நோட்டீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நைனா, கீழ குறிப்பு இருந்திருக்குமே, எங்க?"

"ஃப்ரேம்ல புடிக்கலம்மா, வெட்டிட்டேன்."

"இது பாதையே இல்ல நைனா. ஒரே உயரத்துல இருக்கிற இடத்தையெல்லாம் சேத்துப் போட்ட கோடு. ஐநூறுன்னா கடல் மட்டத்துலேர்ந்து ஐநூறு அடி. கோடு நெருங்கி இருந்தா அங்க செங்குத்துன்னு அர்த்தம். கலர்ல எடுத்திருந்தா இதெல்லாம் தனியாத் தெரியும்."

"அப்ப இதுல யாருமே நடக்கலையா?"

"யாரும் நடக்கல."

"யாருமே நடக்காத எடத்துல எதுக்கும்மா கோடு போடுறாங்க?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். சிரித்து முடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. ஊருக்கு உண்மையைச் சொல்லவேண்டும். தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன், டீக்கடை வரைக்கும் போகிறேன், டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். எனக்குத் தைரியம் இல்லை ஐயா. ஊரிடம் முடியாததைத் தங்களிடமாவது செய்கிறேன். கட்டுரையை நிறுத்துங்கள். பக்கம் காலியாக இருந்தால், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கால அட்டவணைப் பலகைகள் வளர்ந்த வரலாற்றை எழுதித் தருகிறேன், அதில் தவறு வராது. வாசல் கேட்டில் எழுதியதையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். காய்ந்த பிறகுதான் சுரண்ட வரும் என்கிறார் பெயிண்டர்.

தங்கள் குடும்பத்தாருக்கும் அச்சகத்தாருக்கும் என் வணக்கங்கள். எல்லாம் வல்ல ஆமைக்குன்றுப் பிள்ளையார் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், என்னைப்போன்ற கட்டுரையாளர்களைத் தாங்கும் பொறுமையையும் அருள்வாராக.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
ம. கன்னியப்பன்
(ஆய்வாளர் அல்ல)

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதத்தை எழுதி, தபாலில் சேர்க்க வெட்கப்பட்டு, பன்னிரண்டு நாள் பீரோவில் வைத்திருந்தேன். தங்கள் இதழ் வழக்கம்போல் தாமதம் என்று அறிந்து மிக்க மகிழ்ச்சி. இதற்கிடையில், அன்று முதல் கோஷ்டி மிதித்த 500-ஆம் தடத்தில் ஊர்ச் சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரும் தினம் காலையில் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் நடக்கச் சொல்லி வருஷக்கணக்காக நடக்காதவர்கள், மலையைச் சுற்றினால் புண்ணியமும் உண்டு என்றதும் நடக்கிறார்கள். பாகுபலி கொல்லை ஓரத்தில் வழி விட்டு, கல் நட்டுக் கொடுத்திருக்கிறார். தைலம்மாளும் போகிறாள். கலைமதி சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லி, அங்கே வழியே கிடையாதாம் என்றேன். "வழி இல்லன்னா நான் தெனமும் எதுல நடக்கிறேன்?" என்று கேட்டாள். நேற்று புது வரைபடத்துக்காக டிரோனோடு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். மலையடியில் பளிச்சென்று பாதை தெரிகிறதே, எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டார்கள். வீரமணி சற்றும் தயங்காமல், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து" என்றார். குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆகையால் ஐயா, கட்டுரையைத் தயவுசெய்து நிறுத்தவேண்டாம். 'ஏழு' என்று வரும் இடங்களில் 'ஒன்று' என்றும், 'பல்லவர் காலம்' என்று வரும் இடங்களில் 'போன பௌர்ணமி' என்றும் திருத்திக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.