மாரப்பன் தட்டை வாங்குவானா?

வானொலி நாடகம் கேட்பவர்களில் அழுகிறவர்கள் உண்டு, தூங்குகிறவர்கள் உண்டு, கடுகு வெடிக்கிற சத்தத்தில் பாதி வசனத்தைக் கோட்டைவிட்டுப் பக்கத்து வீட்டில் போய் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. நான் சொல்ல வந்தது வேறோர் இனம். நாடகத்தின் முகப்பு இசை ஒலிக்கும்போதே காலை அகட்டி உட்கார்ந்து, ஒரு காதைச் சாய்த்து, ‘எங்கே தப்புப் பண்ணுகிறான் பார்ப்போம்’ என்று காவல் காக்கிற இனம். கதை பொய் என்பது இந்த ஆசாமிக்கு நன்றாகத் தெரியும். அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பொய்யில் ஒரு பிசகு இருக்கக் கூடாது. பொய் சொல்வதென்று இறங்கிவிட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

இந்த இனத்தின் அசல் மாதிரியை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகிற சாலையில் அமீர் ஹம்சாவின் பேக்கரிக்குச் சாயங்காலம் வாருங்கள். பப்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் வெள்ளை வேட்டியும் முறுக்கிய மீசையுமாக உட்கார்ந்திருப்பவர்தான் திருமூர்த்தி. வாழையும் தென்னையும் வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஒரு கெட்ட பழக்கம் இல்லை. நாளும் சாயங்காலம் பொழுதோடு வந்து ‘மடைவாசல்’ கேட்பார், அவ்வளவுதான்.

‘மடைவாசல்’ என்பது வானொலியில் பண்ணை நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிபரப்பாகிற நாடகம். எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று பேக்கரியில் கேட்டுவிடாதீர்கள், அதற்கே ஒரு சண்டை நடக்கும். முதல் கதாநாயகிக்குப் பேரன் பிறந்து, அந்தப் பேரன் இப்போது டிராக்டர் ஓட்டுகிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நாடகத்தை எழுதுகிறவருக்கு உலகத்திலேயே ஒரே ஒரு எதிரி உண்டென்றால் அது நம் திருமூர்த்திதான்.

நாடகத்தில் மருமகள் ஐப்பசியில் மஞ்சள் வேகவைத்தாள். உடனே வானொலிக்குப் போன். “ஏனுங்க, தை மாசம் தோண்ட வேண்டிய மஞ்சள ஐப்பசில வேக வெக்கறீங்களே, அது என்ன மஞ்சளுங்க? கடைல வாங்குனதுங்களா?” கதாநாயகன் இருட்டுகிற நேரத்தில் மோட்டாரைப் போட்டு வயலுக்குத் தண்ணீர் கட்டினான். மறுபடியும் போன். “எங்க பக்கம் மும்முனைக் கரண்டு பொழுதோட வர்றதே இல்லீங்க. உங்காளுக்கு மட்டும் தனிக் கம்பி இழுத்திருக்கறாங்களா?” ஜெர்சி மாடு கத்தினால் அது ஜெர்சி இல்லை, காங்கேயம் காளை என்பார். கோபியில் ஏறிய பெண் ஒரு பாட்டு முடிவதற்குள் அவிநாசியில் இறங்கினால் அன்றைக்கு டீயை ஆறவிட்டு ஆத்திரப்படுவார். இத்தனைக்கும், கிணற்றில் விழுந்து செத்து, கருமாதியெல்லாம் முடிந்துபோன சின்னத்தம்பி இரண்டு வருஷம் கழித்துச் சாமியாராக உயிரோடு வந்து நின்றாரே, அப்போது மனுஷர் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சாமியார் வந்து இறங்கிய டவுன் பஸ் அந்த ஊருக்கே போகாது என்றுதான் சண்டைக்குப் போனார்.

இவருக்கு எதிர்க்கட்சி வேண்டாமா? வெங்கடபதி இருக்கிறார். சொட்டுநீர்க் குழாய்க் கடைக்காரர். நாடகத்தில் எது நடந்தாலும் “நடக்குமுங்க” என்பார். திருமூர்த்தி “நடக்காதுங்க” என்பார். அவர் “நடக்குமுங்க”. இவர் “நடக்கவே நடக்காதுங்க”. இரண்டு பக்கமும் ‘ங்க’ குறையாமல் இவ்வளவு மரியாதையாகச் சண்டை போடுகிற ஊர் வேறெங்காவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

இந்தச் சண்டை சூடு பிடித்தது மாரப்பன் கதையில்தான். நாடகத்தில் மாரப்பன் அண்ணன், செல்லாயி தங்கை. வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. செல்லாயி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. தாய்மாமன் இல்லாமல் மணவறையா? தேங்காய் பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு அண்ணனைத் தேடிப் போவதென்று செல்லாயி முடிவெடுத்தாள். அவள் முடிவெடுத்த நாளிலிருந்து திருமூர்த்தி வானொலிக்கு விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். போனாலும் மாரப்பன் தட்டை வாங்க மாட்டான், வாங்கினால் அது மனுஷன் கதையே இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஏன் இத்தனை வேகம்? பேக்கரியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். உங்களிடம் சொல்கிறேன். திருமூர்த்திக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், சாமியாத்தாள். அவள் மகள் அக்ஷயா பெரியவளானபோது தாய்மாமன் சீர் வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் கரண்டு தாமதமாக வந்தது. வாழை வாடிக்கொண்டிருக்கிறதே என்று இவர் தண்ணீர் கட்டிவிட்டுக் கிளம்பினார். சீர்த்தட்டுகளோடு இவர் போய் இறங்கும்போது நல்ல நேரம் தாண்டிவிட்டது என்று ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை வைத்துச் சீரை முடித்திருந்தார்கள். வாசலோடு திரும்பிய மனுஷர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெண் பிள்ளை இல்லாத வீட்டில் அக்ஷயாவைத் தோளிலிருந்து இறக்காமல் வளர்த்தவர் அவர். அவள் சத்தியமங்கலம் பக்கம் காலேஜ் படித்த வருஷங்களில், காலேஜ் பஸ் பேக்கரியைத் தாண்டுகிற நேரம் மட்டும் நாடகத்தில் என்ன வசனம் ஓடினாலும் அவர் காதில் விழாது. கண் ரோட்டில் இருக்கும். இப்போது அக்ஷயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊருக்கே தெரியும். அழைப்பு வருமா, வந்தால் இவர் போவாரா என்பதுதான் எங்களுக்கெல்லாம் கவலை.

அன்று சாயங்காலம் நாடகத்தில் செல்லாயி தட்டோடு மாரப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “அண்ணா…” என்றாள். வயலின் இழுத்தது. நாளை கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

திருமூர்த்தி டம்ளரை ஓங்கி வைத்தார். “நடக்குமுங்களா இது? இத்தன வருசம் பேசாத பொறந்தவ தட்டத் தூக்கிட்டுத் தானா வந்து நிப்பாளாமா? ரோசம் வேண்டாமுங்களா ஒருத்திக்கு?”

“புள்ளைக்குக் கண்ணாலமுங்க. ரோசம் பாத்தா ஆகுங்களா?” என்றார் வெங்கடபதி. “குத்தம் பாத்தா சுத்தம் இல்லீங்க.”

“அது சொல்றதுக்கு நல்லா இருக்குமுங்க. எந்தூர்லயுமே எவளும் வர மாட்டா. நான் எழுதித் தாறேன்.”

“ஏனுங்கண்ணா, நல்லா இருக்கறீங்களா?”

பேக்கரி வாசலில் பட்டுச்சேலையில் சாமியாத்தாள் நின்றிருந்தாள். கையில் தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. அமீர் ஹம்சா ரேடியோவை அணைத்தார்.

“ஊட்டுக்குத்தானுங்க போனேன். அண்ணி நீங்க இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க. நாடகம் முடியட்டும்னு வெளியவே நின்னுட்டு இருந்தேனுங்க” என்றாள்.

அப்படியானால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வேறொருவராக இருந்தால் பூமிக்குள் போயிருப்பார். நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? தங்கையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குறை கண்டுபிடித்தார்.

“மாப்ள வல்லீங்களா? புருசனும் பொண்டாட்டியும் சேந்து வந்தாத்தான பத்திரிகை வெக்கறது?”

“கார்ல உக்காந்திருக்கறாருங்க. நீங்க கோவத்துல ஏதாச்சு சொல்லிப்போடுவீங்கன்னு எறங்க மாட்டேங்கறாரு.”

திரும்பிப் பார்த்தோம். சாலையோரம் நின்ற காரில் கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே ஒரு வழுக்கைத் தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பாமல் நேராக இருந்தது.

“அன்னைக்கு நாங்க பண்ணுனது தப்புத்தானுங்கண்ணா” என்றாள் சாமியாத்தாள். “நேரம் போகுது போகுதுன்னு நாலு பேரு அவசரப்படுத்துனாங்க. உங்களுக்காக இன்னும் சித்தெ நேரம் நின்னிருக்கோணும். நிக்காம உட்டுட்டோம். மாமன் வந்து மாலை எடுத்துக் குடுத்தாத்தான் மணவறைல உக்காருவேன்னு அக்ஷயா ஒரே பிடியா நிக்கறா.”

இதற்குமேல் என்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு? திருமூர்த்தியின் கை தட்டை வாங்க எழுந்தேவிட்டது. எழுந்த கை பாதியில் நின்றது. எதிரே வெங்கடபதி தேங்காய் பன்னைக் கடித்தபடி லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கெட்டது குடி!

“யோசிச்சுச் சொல்றேன் அம்மணி” என்றார் திருமூர்த்தி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கி வாய்க்காலில் போட்டிருப்பேன். சாமியாத்தாள் தட்டைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். “வர்றதும் வராததும் உங்க இஷ்டமுங்கண்ணா” என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். கார் கிளம்பிப் போனது.

அமீர் ஹம்சாதான் முதலில் பேசினார். “தட்ட எடுத்துக்கங்ணா. பப்ஸ் எடுக்கோணும்.” கொஞ்சம் பொறுத்து, “தான் ஆடாட்டியும் தன் சதை ஆடுமுங்ணா” என்றும் சொன்னார். திருமூர்த்தி தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடையைக் கட்டினார்.

இதற்குப் பிறகு நடந்ததை அவர் மனைவி துளசிமணி என் வீட்டம்மாவிடம் சொல்லி, நான் தெரிந்துகொண்டேன். மனுஷர் சோறு சாப்பிடவில்லை. பத்திரிகையை எடுத்து, தாய்மாமன் என்ற இடத்தில் முதலாவதாகத் தன் பெயர் இருப்பதைப் பார்த்துப் பார்த்து வைத்தாராம். தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்று உயிர் துடிக்கிறது. ஆனால் நாளைக்கு நாடகத்தில் மாரப்பன் தட்டை வாங்கித் தொலைத்துவிட்டால்? அதற்குப் பிறகு இவர் போனால் ஊர் என்ன சொல்லும்? நாடகத்தைக் கேட்டுத் திருந்திவிட்டார் என்றுதானே சொல்லும்? இத்தனை வருஷமாகத் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நாடகத்திடம் தோற்பதா? இந்த இனத்துக்கு இதைவிட அவமானம் வேறு கிடையாது.

திடீரென்று எழுந்து உட்கார்ந்தாராம். “துளசி, நாளைக்கு நாடகம் போடறதுக்குள்ள நாம போயிரோணும்.”

“போறதுன்னு ஆயிருச்சு. அப்பறம் எப்பப் போனா என்னங்க?”

“உனக்குத் தெரியாது. அவனுக்கு முன்னால போயிரோணும்.”

“எவனுக்குங்க?”

“மாரப்பனுக்கு!”

மறுநாள் காலையில் கரண்டு வந்தது. மோட்டாரைப் போடாமலே கிளம்பினார். கோபியில் கடை திறக்கிற வரைக்கும் வாசலில் காத்திருந்து பட்டு வாங்கினார். பூ, பழம், இனிப்பு என்று தட்டுத் தட்டாக வாங்கி அடுக்கிக்கொண்டு தங்கை வீட்டில் போய் இறங்கினார். “மாமா!” என்று ஓடிவந்த அக்ஷயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவரும் அழுதார், வாய்விட்டே அழுதார். சாமியாத்தாளைச் சொல்லவே வேண்டாம். அத்தனை அழுகைக்கும் நடுவே, தூணுக்குப் பின்னால் நின்ற தங்கை கணவரைப் பார்த்து, “இப்பவாச்சு வெளிய வாங்க மாப்ள, கடிச்சா திங்கப்போறேன்?” என்றாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் பேக்கரிக்குள் அவர் நுழைந்த நடையைப் பார்க்க வேண்டுமே! போய்விட்டு வந்துவிட்டார். மாரப்பனுக்கு முன்னால். இனி அவன் போனால் இவரைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொண்டதாகும். “போடுங்க ரேடியோவ” என்றார் அமீர் ஹம்சாவிடம்.

ரேடியோவில் அறிவிப்பாளர், நேயர்களின் கருத்துகளை மதித்துக் கதையின் போக்கு மாற்றப்பட்டிருப்பதாக மகிழ்ச்சியோடு தெரிவித்தார். அப்புறம் மாரப்பன் கத்தினான். “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்த? போ வெளிய!” கதவு படாரென்று சாத்துகிற சத்தம். தட்டு விழுந்தது. தேங்காய் உருண்டது. செல்லாயி தெருவில் நின்று அழுதாள். அந்த அழுகையோடு அன்றைய நாடகம் முடிந்துவிட்டது.

“நீங்க போன்ல சொன்னபடியே எழுதிப்போட்டாங்களே!” என்றார் வெங்கடபதி. உண்மையாகவே மனம் நொந்து சொன்னார், பாவம். “நீங்கதாங்க செயிச்சீங்க.”

திருமூர்த்தியின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“என்னங்க கதை எழுதறானுங்க! கூடப் பொறந்தவ தட்டோட வந்து வாசல்ல நிக்கறா. அழுகறா. எந்த அண்ணங்காரனாச்சு கதவச் சாத்துவானுங்களா? சாத்த மனசு வருமுங்களா? நடக்குமுங்களா இது? இவனுங்களுக்கெல்லாம் கூடப் பொறந்தவளே இல்லீங்களா?”

ஒரு கையால் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கையால் வானொலிக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. அக்ஷயா கல்யாணத்தன்று மணவறையில் மாலை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, பந்தி ஓரத்தில் நின்றபடி போட்டபோதும் கிடைக்கவில்லை. விடுவாரா அவர்? இன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் இத்தோடு எழுந்து போய்விடுவேன். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் நீங்கள் நின்றீர்கள், பார்த்தேன். நாடகத்தில் தங்கை வருகிற அதே சாயங்காலம் அசல் தங்கையும் தட்டோடு வந்து நிற்பாளாக்கும் என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். இத்தனை வருஷப் பகை ஒரே காலையில் தீர்ந்துவிடுமாக்கும் என்று தலையையும் ஆட்டினீர்கள். தீராது என்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்களே, ஏனுங்க, நீங்கள் உங்கள் வீட்டில் யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள்?