பிலோமினா கல்யாணத்தில் யார் பேசுவது என்பது பற்றி

ஈப்போ,
16.8.1981

அன்பும் மரியாதையும் நிறைந்த தாப்பாவில் இருக்கும் மச்சான் பெரியநாயகம் அவர்களுக்கு, மத்தியாஸ் வணங்கி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை எல்ஸியும் மகள் பிலோமினாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறும் அளவுக்கு வந்திருக்கும் என்று நம்புகிறோம்.

அடுத்த மாதம் பிலோமினா கல்யாண விருந்தில் பெண்ணைப் பெற்றவன் பேச வேண்டிய பேச்சை எனக்குப் பதிலாக நீங்கள் பேச வேண்டும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். இனி அது வேண்டாம். நானே பேசுகிறேன். அதற்காகக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன், மன்னிக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தில் நான் எழுந்து நின்று, "வந்து... வந்து..." என்று ஏழெட்டு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். மாப்பிள்ளையின் அப்பா எல்ஸியிடம், "அவருக்கு நெஞ்சு வலியா?" என்று கேட்டார். வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. செமோர் ரப்பர் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, தினம் காலைப் பெரட்டில் இருநூறு பேரின் பெயரைக் கூப்பிட்டவனுக்குத் தொண்டை எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அந்த இருபத்தெட்டு வருடமும் நான் பெயர் குறிக்கும் செக்ரோல் புத்தகத்தைத்தான் பார்த்தேன், ஆள் முகத்தைப் பார்த்ததில்லை மச்சான்.

எண்ணெய் ஓவியம் கற்றால் தைரியம் வரும் என்று எல்ஸியிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பேச்சுத்தான் வரல, கையாவது நடுங்காம இருக்கட்டும்லா" என்று என் பெயரைக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை வகுப்பு, ஒரு சாமான் கடையின் மேல்மாடியில். லியோங் என்ற சீன வாத்தியார், மலாயில்தான் பேசுவார். தெரிந்த இடம் ஒன்றை வரையச் சொன்னார். தோட்டத்துப் பெரட்டுக் களத்தை வரைந்தேன், பின்னால் ரப்பர் மரங்கள். அடிமட்டம் வைத்து நிரை போட்டதைப் பார்த்து, மரம் என்ன போலீஸ்காரனா என்று கேட்டார். தோட்டத்து மரம் அப்படித்தான் நிற்கும் என்றேன், அதுவும் முணுமுணுப்பாக. களத்தில் ஓர் ஆளைக்கூட நான் வரையவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ணம் காய நாளாகும் என்பதால் படங்களை அங்கேயே வைத்துப் பூட்டுவார்கள். சாவி லியோங்கிடம். அடுத்த சனிக்கிழமை போனால் என் படத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். "இனி சியாப்பா?", இவர்கள் யார் என்று கேட்டுவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று அவரே என் முதுகைத் தட்டினார். கூர்ந்து பார்த்தேன். ஒரு தோள் இறங்கி நிற்பது சின்னையா, இடுப்பில் கை வைத்திருப்பது மாயாண்டி, முக்காடு போட்டது கருப்பம்மாள். என் பெரட்டில் நின்ற இந்த மூன்று பேரின் சாவுக்கும் நான் போயிருக்கிறேன். மூன்றாம் வாரம் பதினேழு பேர். அறையில் டர்பன்டைன் வாடை போய் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள், காலையில் குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? நான்காம் வாரம் களம் நிறைந்து, கடைசி வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் இடம் இருந்தது.

அன்றைக்கு லியோங், படம் முடிந்தது, மூலையில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பெரட்டில் கிராணி எப்போது கையெழுத்துப் போடுவான்? எல்லாப் பெயரும் கூப்பிட்ட பிறகு, புத்தகத்தை மூடும்போது. போட்டுவிட்டால் பிறகு வருகிறவருக்கு அன்று வேலை இல்லை. ஒரு நாள் ராக்காயி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடி வந்தாள், நான் அப்போதுதான் பேனாவை மூடியிருந்தேன். "ஐயா, ஒரு தடவ எம் பேரச் சொல்லுங்கய்யா" என்றாள். "மூடியாச்சு, போ" என்றேன். வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுப் போனாள். அப்புறம் கோப்பெங் பக்கம் போய் அங்கேயே செத்துப்போனதாகச் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை மச்சான். பாவி நான், விசாரிக்கவே இல்லை.

அதனால், "போட மாட்டேன், இன்னும் ஒரு ஆளு வரணும்" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கீழே கடையில் சாமான் வாங்கியவர்கள் மேலே பார்த்தார்களாம். பன்னிரண்டு பேர் முன்னால் என் குரல் நடுங்கவில்லை! நேற்றுப் போனேன். கடைசி வரிசையில் ராக்காயி நிற்கிறாள், முந்தானை ஒரு பக்கம் சரிந்து, ஓடி வந்தவள் மாதிரி. அவள் பெயரைச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு கையெழுத்துப் போட்டு, படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் மாட்டிவிட்டேன். மனசு இத்தனை லேசாகி எத்தனை வருடம் ஆயிற்று! இப்போது எனக்கு எந்தச் சபையிலும் பயமில்லை. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, என் பேச்சைக் கேட்டு மகிழுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோர் மேலும் தேவமாதாவின் நிழல் என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தைரியம் பெற்ற உங்கள் மச்சான்,
மத்தியாஸ்

பின்குறிப்பு: திங்கள் காலை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். எல்ஸியும் பிலோமினாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, படத்துக்கு முதுகு காட்டி நின்று, பேச்சை ஒத்திகை பார்த்தேன். "என் மகள் பிலோமினா" என்று தொடங்கி இரண்டு வரி சொல்லியிருப்பேன். எனக்குப் பின்னாலிருந்து, "பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கலைங்கய்யா, கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்று ஒரு பொம்பளைக் குரல் சொன்னது. மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். மச்சான், கோட்டைத் தைத்து முடிக்கச் சொல்லுங்கள். நீங்களே பேசிவிடுங்கள்.