கச்சேரி அண்ணாத்தயிடம் டேப்பட் பாடிய கதை

உலகத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஓட்டி வந்த ஆளைப் பாடச் சொல்லுகிற மெக்கானிக் ஒரே ஒருவர்தான். செங்கல்பட்டில் ஷெட் வைத்திருக்கும் அவரைக் 'கச்சேரி' என்றால்தான் யாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

"வண்டில ஒரு சவுண்டு வருது அண்ணாத்த" என்று போய் நின்றால் போதும்.

"கத சொல்லாத. வாயால போட்டுக் காட்டு!"

மோவாயைப் பிடித்து நம் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். நியூட்ரலில் எப்படி, மூன்றாவது கியரில் எப்படி, திருக்கழுக்குன்றம் ரோட்டு வேகத்தடையில் எப்படி என்று தனித்தனியாகப் பாடவேண்டும். எதிர் டீக்கடையில் ரசிகர் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. ஒரு தலைமையாசிரியர் தேய்ந்துபோன பிரேக்கைப் பாடி முடித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். என் முறையும் வரும் என்று அப்போது தோன்றவில்லை.

என் மனைவி கோவளத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கார் அவளுடையது, அவள் சம்பளத்தில் வாங்கியது. தினமும் பள்ளிக்குப் போய்வருவது அதில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு நான் ஓட்டினேன். இஞ்சின் விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று எனக்கு ஒரு நினைப்பு.

"ஏங்க, டிக் டிக்குனு ஏதோ சத்தம் வருது."

"கடல் காத்து" என்று சொல்லி ரேடியோப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும், "இப்ப நின்னுடுச்சுங்க" என்றாள்.

"பாத்தியா? தானா சரியாயிடுச்சு."

மாமல்லபுரம் எட்டுவதற்குள் கார் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. பாட்டு மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. கட்டி இழுத்துக்கொண்டு கச்சேரியிடம் வந்து சேர்ந்தோம்.

ஸ்டூலில் உட்கார்ந்தபடி என் மோவாயைத் திருப்பினார். "எங்க, போடு சார்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, "டிக்... டிக்..." என்றேன்.

"இன்னா சார் இது? பல்லி. நான் இஞ்சினு கேட்டேன்."

டீக்கடை அதிர்ந்தது. என் மனைவி கைப்பையை என் கையில் திணித்துவிட்டு முன்னால் வந்தாள். ஆடு, மாடு, ரயில் என்று தினமும் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டுக் காட்டுபவள். வேகம் ஏற ஏற டிக்டிக் எப்படி டக்டக் ஆனது என்பதையெல்லாம் பிசிறில்லாமல் பாடினாள். "பட்டிபுலம் கிட்ட 'கடக்'னு ஒரே ஒரு தடவ. அதோட நின்னுடுச்சுண்ணே."

கச்சேரி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். "நின்னுட்ச்சா? அப்ப சார் இன்னா பண்ணிகினு இருந்தாரு?"

"சரியாயிடுச்சுன்னாரு."

"டேப்பட் பூட்ச்சி சார்! வால்வத் தூக்கி வுடுற உருளை. அது ஒடஞ்சதாலதான் சவுண்டு நின்னுது. செத்தவன் எங்கனா இருமுவானா?" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒடஞ்ச துண்டு கீழ போயி கிராங்க் பேரிங்கக் கடிச்சிருந்தா முழு இஞ்சினும் காலி. கடிக்கலன்னா பொழச்சிக்கும்."

மனைவி கைப்பையை என் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆயிலை வடித்து, ஒரு வெள்ளை வேட்டியில் ஊற்றி வெயிலில் பிடித்தார். பேரிங் அரைபட்டிருந்தால் ஆயிலில் ஜிகினா மின்னுமாம். நானும் குனிந்து பார்த்தேன். "ஐயோ, மின்னுது!"

"கைய எடு சார். அது உன் வாட்ச்சு."

பிறகு மேல் மூடியைக் கழற்றிக் காந்தத்தால் துண்டு துண்டாக எடுத்தார். உடைந்த டேப்பட்டை வேட்டியின் மேல் ஒட்டவைப்பதுபோல அடுக்கினார். எல்லாத் துண்டும் சேர்ந்துவிட்டால் கீழே எதுவும் போகவில்லை என்று அர்த்தம். நகத்தளவு ஒரு துண்டு மட்டும் குறைந்தது. காந்தத்தை முனை வெளியே தெரியச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தார். இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கினார், பம்ப்பின் சல்லடையைத் துழாவினார். கிடைக்கவில்லை.

வெளியே வந்து தலைத்துண்டை அவிழ்த்தார். "டீச்சரம்மா, அது பேரிங்குல பூந்துகினு கீது. மனசத் தேத்திக்கோ."

அவள் கண் கலங்கிவிட்டது. பாட்டைக் கூட்டிய என் விரலை நானே ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தவள் அவருடைய சட்டைப் பையையே உற்றுப் பார்த்தாள். "அண்ணே, காந்தத்துல ஏதோ ஒட்டிட்டிருக்கே?"

அதேதான். அடுக்கின இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. கச்சேரியின் முகத்தில் அசட்டுத்தனம் துளிகூட இல்லை.

"தொலஞ்சிடக் கூடாதுன்னு நாந்தான் பத்திரமா வெச்சிருந்தேன்."

ஆனாலும் பேரிங்கைத் திறந்து விரலால் தடவிப் பார்த்த பிறகுதான், "பொழச்சிக்கிச்சு" என்றார்.

புது டேப்பட் மாட்டிய பிறகு, வண்டியை எடுக்க இருவரும் போனோம். இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. நாங்கள் எல்லோரும் துள்ளிக் குதித்தோம். அவர் அசையவில்லை.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அவருக்குக் காது கேக்காதுங்க. அன்னிக்கே நீங்க கவனிக்கலையா? நம்ம வாயத்தானே பாத்துட்டிருந்தாரு."

ஆயுசு முழுக்க இஞ்சின் சத்தத்தில் நின்று நின்று போன காது. இத்தனை பேரைப் பாடவைத்தது எதற்கென்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கைதட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

கச்சேரி என் மோவாயைத் திருப்பினார். "இப்ப இன்னா சவுண்டு சார்?"

ஜென்மத்தில் முதல்முறையாக ஓர் இஞ்சினைக் காதுகொடுத்துக் கேட்டேன். டிக் இல்லை, டக் இல்லை. உதட்டை மூடி, "ம்ம்ம்ம்" என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் மெல்ல மலர்ந்தது. கன்னத்தில் செல்லமாகத் தட்டினார்.

போன வாரம் அவர் ஷெட்டுக்குப் போனேன். காரில் ஒரு கோளாறும் இல்லை. "இன்னா சவுண்டு, போடு" என்றார். நானாக ஒன்றை இட்டுக்கட்டி ராகம் போட்டுப் பாடினேன்.

"பொய்யி" என்று சிரித்துவிட்டு, எதிர்க்கடைக்கு இரண்டு விரலைக் காட்டி டீ சொன்னார். அதற்குத்தான் போயிருந்தேன்.