மாயழகுக்கு வெச்ச ரெண்டு ஃப்ளெக்ஸ்

டேய், ஜிம்முக்குப் பணம் கட்டிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு போட்டோ மட்டும் எடுத்துட்டு வர்றவனுங்களா, நகந்து உக்காருங்கடா. செந்தட்டி, உன்னத்தான். "அன்னைக்கு மட்டும் நான் டிரயல்ஸ் போயிருந்தா"ன்னு டீக்கடை டீக்கடையா சொல்லிட்டுத் திரியிறியே, போகலைல்ல? அப்ப வாய மூடிட்டு கதை கேளு. வர்றது எல்லாம் மிருகம்தான். கேக்கும்போது யாரு மூஞ்சியாவது ஞாபகம் வந்துச்சுன்னா அது உங்க கெட்ட மனசு, எனக்கு சம்பந்தம் இல்ல.

ஒரு காட்டில் ஒரு கீரிப்பையன் இருந்தான். பேரு மாயழகு. அவங்க குடும்பத்துக்கு ஒரே தொழில், பாம்பு புடிக்கிறது. யாரு வீட்டுப் பொந்துல பாம்பு பூந்தாலும், "ஏய், அந்தக் கீரியக் கூப்புடு"ன்னு ஒரு சத்தம் வரும். பாம்பு உள்ள இருக்கிற வரைக்கும் "வாங்க தம்பி, பாத்து தம்பி." பாம்பு செத்துருச்சுன்னா "சரி சரி, வாசல்ல நிக்காத, பிள்ளைங்க பயப்படுது." மாயழகோட அப்பாவும் அப்படித்தான் கூப்புட்டதும் போனாரு. ஒரு தடவ பாம்பு கொஞ்சம் முந்திக்கிச்சு. அதுக்கப்புறம் அம்மா பேச்சி மகன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னுச்சு: "நீ என்ன வேணா ஆகு. இது மட்டும் ஆகாத."

பையனுக்கு ரெண்டு விஷயம் வரும். ஒண்ணு கபடி. ரெய்டு போனான்னா கரடி கட்டிப் புடிக்கும். புடிச்சுட்டு பெருமையாக் கையத் தொறந்து பாத்தா உள்ள காத்துதான் இருக்கும். பையன் கோட்டத் தாண்டி நின்னு மூக்கச் சொறிஞ்சுட்டு இருப்பான்.

இன்னொண்ணு பவுலிங். கீரி முட்டைய எப்படி உடைக்கும் தெரியுமா? பாறைக்கு முதுகக் காட்டி நின்னு, குனிஞ்சு, காலுக்கு நடுவுல பின்னாடி விட்டு அடிக்கும். அதே மாதிரிதான் அவன் பந்தும் போடுவான். பேட்ஸ்மேனுக்குத் தெரியுறது வாலு மட்டும்தான். வாலப் பாத்து எவன்டா ஸ்பின்னு கண்டுபுடிப்பான்? மான் கூட்டத்துல பெரிய பெரிய பேட்ஸ்மேன் எல்லாம் வாலுக்கு மட்டைய வீசிட்டு வெளிய போனாங்க.

இது வெளிய பரவுச்சு. மொதல்ல வந்தது காட்டெருமை. அடுத்த மலையில இருக்கிற காலேஜுக்கு அவருதான் பி.டி. சார். கழுத்துல விசில். டீ வேணும்னாலும் விசில், டீ வேணாம்னாலும் விசில்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு. ஃபீஸ் கெடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ. மூணு வருஷம் எங்களுக்குக் கபடி ஆடு, டிகிரி வாங்கு, அப்படியே வனக்காவல்ல வேலை. யூனிஃபார்ம் போட்டுட்டு ஊருக்குள்ள வரலாம்."

பேச்சி கேட்டுச்சு, "ஹாஸ்டல்ல முட்டை போடுவீங்களா சார்?"

"போடுவோம்மா."

"அவிச்சா, முழுசாவா?"

"அவிச்சுத்தாம்மா."

"அப்ப இவன் ஆட்டம் மறந்துருவானே சார்." பேச்சி உண்மையிலேயே கவலைப்பட்டுச்சு.

"அது பவுலிங்மா. நமக்கு வேணாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பையன் வந்து சேரணும்"னு சொல்லிட்டு ஒரு விசில் ஊதிட்டு சார் போயிட்டாரு.

மறுநாள் மொதல்ல வாசனைதான் வந்துச்சு. பின்னாடியே புனுகுப்பூனை வந்துச்சு. அவருதான் காட்டு லீக்ல ஆள் எடுக்கிறவரு. அவருக்கு சென்ட்டு செலவே இல்ல, பொறப்புலயே உண்டு. கூலிங்கிளாஸ கழட்டாமப் பொந்துக்குள்ள நுழைஞ்சு, அம்மிக்கல்லுல முட்டிக்கிட்டு, அதுக்கும் ஸ்டைலா சிரிச்சாரு.

"ப்ரோ, மிஸ்டரி பவுலர்னா நீதான் ப்ரோ. ஏசி பஸ். ஜெர்சி முதுகுல உன் பேரு. நீதான் ரிவர்ஸ்ல நின்னு போடுறியே, பந்து போடும்போதெல்லாம் பேட்ஸ்மேனுக்கு உன் பேரு தெரியும் பாரு, எப்பேர்ப்பட்ட பிராண்டிங்! வெள்ளிக்கிழமை சைன் பண்ணிரலாம்."

"அடிபட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு பேச்சி கேட்டுச்சு.

"அம்மா, பாசிட்டிவா பேசுங்கம்மா."

அவரு போன பிறகும் வாசனை போகல. மாயழகு ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொல்லியிருந்தான்: "யோசிச்சுச் சொல்றேன்." அங்கதான் பிரச்சனையே. அந்தக் காட்டுல யாரும் யோசிச்சுச் சொன்னதில்ல. சொல்லிட்டு, சண்ட முடிஞ்சு, தையல் போட்ட பிறகுதான் யோசிப்பாங்க. பையன் யோசிக்கிறான்னு தெரிஞ்சதும் ஊருக்கு இருப்புக் கொள்ளல.

காட்டுப்பன்னி இளைஞர் மன்றத் தலைவரு. பொழுது விடிஞ்சு பாத்தா தெக்கு வழி ஆலமரத்துல ஃப்ளெக்ஸு தொங்குது. "கல்விக் கடலில் நீந்தச் செல்லும் கபடிப் புயலே! காலேஜ் செல்லும் எங்கள் கருவூலமே! வாழ்க பல்லாண்டு!" நடுவுல பன்னி கும்புட்டுட்டு நிக்கிறாரு, பௌர்ணமி சைஸுக்கு. பக்கத்துல அவரு மாமனாரு. கீழ வரிசை வரிசையா மன்றத்துப் பசங்க, போன்ல பேசுற மாதிரி. மூலையில ஸ்டாம்பு சைஸுக்கு மாயழகு. அதுவும் மாயழகு இல்ல. அவசரத்துல கீரி போட்டோ கெடைக்கலன்னு அணில் போட்டோவ வெச்சுட்டாங்க.

கருமந்திக்கு இதப் பாத்ததும் பத்திக்கிச்சு. அவரு ரசிகர் மன்றத் தலைவரு. பன்னி ஃப்ளெக்ஸ்ல அவரு மூஞ்சி இல்ல. "அவன் காலேஜ்னா நாம கிரிக்கெட்டுடா"ன்னு சொல்லி, வடக்கு வழியில, காட்டு வாசல்லயே, அதுக்கு ரெண்டு மடங்குல, தன் குடும்பமே கும்புட்டுட்டு நிக்கிற மாதிரி ஒண்ணு கட்டுனாரு. "கிரிக்கெட் களம் காணும் சுழல் சிங்கமே!" சாயங்காலமே சிங்கம் ஆபீஸ்ல இருந்து ஆளு வந்து, "சிங்கம்னு போட பர்மிஷன் வாங்குனீங்களா?"ன்னு கேட்டாங்க. சிங்கத்து மேல பேப்பர் ஒட்டி "சுழல் சிறுத்தையே"ன்னு ஆக்குனாங்க. சிறுத்தை வெளியூர் போயிருந்ததால பிரச்சனை இல்ல.

மாயழகு பன்னிகிட்ட ஓடுனான். "அண்ணே, நான் இன்னும் முடிவே பண்ணலண்ணே."

"நீ பண்ணா என்ன தம்பி, பண்ணாட்டி என்ன? நாங்க பண்ணிட்டோம்ல."

"கழட்டிருங்கண்ணே."

"கழட்டவா? அதுல எங்க மாமனாரு மூஞ்சி இருக்குடா. கழட்டுனா எனக்கு வீட்டுல சோறு விழுமா?"

"அப்ப போட்டோவயாவது மாத்துங்கண்ணே. அது அணிலு."

"வாலு இருக்குல்ல? விடு."

அங்கருந்து கருமந்திகிட்ட போனான். அவரு கெளையில சாஞ்சு பேன் பாத்துட்டே சொன்னாரு, "மொதல்ல அந்தப் பன்னிய எடுக்கச் சொல்லு. அவன் எடுத்த அடுத்த நிமிஷம் நான் எடுக்கிறேன். நான் என்ன உனக்கு எதிரியா?"

"அண்ணே, என் வாழ்க்கைண்ணே."

"உன் வாழ்க்கைக்குத்தாம்ப்பா வாழ்த்து போட்டிருக்கு. படிச்சியா இல்லையா?"

வியாழக்கிழமை ரெண்டு பேரும் பாராட்டு விழா வெச்சாங்க. ஒரே சாயங்காலம், ஒரே மைதானம், ஆளுக்கொரு மேடை. பையன் இங்க ஒரு பொன்னாடை வாங்கிட்டு, ஓடிப்போய் அங்க ஒரு பொன்னாடை வாங்கிட்டு, திரும்ப இங்க ஓடியாந்து போட்டோவுக்கு நின்னான். அவன் வாழ்க்கையிலயே அவ்வளவு ரெய்டு போனதில்ல. மேடையில அவனப் பத்தி யாரும் பேசல. பன்னி மாமனாரப் பத்திப் பேசுனாரு. கருமந்தி பன்னியப் பத்திப் பேசுனாரு.

பொந்துக்கு வந்து, பொன்னாடை எல்லாத்தையும் சுருட்டி அம்மா மேல போத்திட்டு சொன்னான்: "அம்மா, காலேஜ் போறேன். பந்து போடுற கை நாளைக்கே உடையும். அப்புறம் அந்தப் பூனை என்னப் பாத்து 'பாசிட்டிவா இரு ப்ரோ'ன்னு சொல்லிட்டுப் போயிரும். திரும்ப வந்து பாம்புதான் புடிக்கணும். யூனிஃபார்ம் போட்டுட்டா யாரும் என்னக் கூப்புட முடியாதுல்ல?"

பேச்சி துணி மூட்டையக் கட்ட ஆரம்பிச்சுச்சு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் கெளம்பி மலை ஏறி காலேஜுக்குப் போனான். பி.டி. சாரு மைதானத்துல புல்லு தின்னுட்டு இருந்தாரு.

"சார், நான் மாயழகு. சேர வந்திருக்கேன்."

"நீதான் கிரிக்கெட்டுக்குப் போயிட்டியே?"

"யாரு சார் சொன்னது?"

"நேத்து உன்னப் பாக்கலாம்னு உங்க ஊருக்கு வந்தேன்யா. வாசல்லயே என் சைஸுக்குப் போட்டிருக்கே, சுழல் சிறுத்தைன்னு. அப்படியே திரும்பிட்டேன். சீட்ட ஆமைக்குக் குடுத்தாச்சு."

"ஆமை கபடி ஆடுமா சார்?"

"செஸ்ஸு."

"சார், அது வெறும் ஃப்ளெக்ஸு சார். நான் எங்கயும் போகல."

சாருக்குக் கோவம் வந்துருச்சு. "வெறும் ஃப்ளெக்ஸா? பொய்யா இருந்தா அத்தனை பேரு மூஞ்சியக் குடுப்பானாய்யா? ஒருத்தன் குடுக்கலாம், ரெண்டு பேரு குடுக்கலாம். குடும்பமே கும்புட்டுட்டு நிக்குது!" அப்புறம் விசில் ஊதுனாரு. பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம்.

அப்படியே எறங்கி, லீக்கு கேம்புக்கு ஓடுனான். புனுகுப்பூனை பஸ்ஸுல ஏறிட்டு இருந்துச்சு.

"ப்ரோ! நீ காலேஜ் போறேன்னு தெக்கு வழியில பாத்தேன் ப்ரோ. படிப்புதான் முக்கியம். படிக்கிற பையனக் கெடுத்தோம்னு எங்களுக்குப் பேரு வரக்கூடாதுல்ல?"

"சார், காலேஜ்ல சீட்டு போயிருச்சு சார். நான் பந்து போடுறேன் சார்."

"டீம் ஃபுல்லு ப்ரோ. அந்த ஃப்ளெக்ஸ் மூலையில ஒரு மூஞ்சி இருந்துச்சே, செம ஃபோட்டோஜெனிக். தேடிப் புடிச்சு அவரையே சைன் பண்ணிட்டோம்."

பஸ்ஸு ஜன்னல்ல அணிலு ஜெர்சி போட்டு உக்காந்திருந்துச்சு. இவனப் பாத்து வெக்கமாக் கையாட்டுச்சு. பாவம், அதுக்குப் பந்துன்னா என்னன்னே தெரியாது. பஸ்ஸு போயிருச்சு.

சாயங்காலம் மாயழகு மூட்டையோட ஊருக்குள்ள வர்றான். மைதானத்துல ஒரே கூச்சல். விழா மேடை பலகைக்கு அடியில நல்லபாம்பு பூந்துருச்சு. பன்னி ஒரு மரத்துல ஏறப் பாக்குறாரு, ஏற வரல. கருமந்தி உச்சியில இருக்காரு, எறங்க மனசு வரல. "கீரியக் கூப்புடுங்கடா!"ன்னு ரெண்டு பேரும் ஒத்துமையாக் கத்துறாங்க. வாழ்க்கையில மொத தடவ.

பேச்சிதான் பொந்துல இருந்து வந்து நிக்குது. மகன இன்னும் பாக்கல. காலேஜுல இருப்பான்னு நெனச்சு, சேலைய இடுப்புல சொருகிட்டு, "நான் பாக்கிறேன்"னு மேடை கிட்ட போகுது. வயசான கண்ணு. பாம்பு எந்தப் பக்கம் தலை வெச்சிருக்குன்னு கூட அதுக்குத் தெரியல.

மாயழகு மூட்டையக் கீழ வெச்சான். "அம்மா, தள்ளு."

"நீ எங்கடா இங்க?"

"தள்ளும்மா."

உள்ள போனான். பலகை ரெண்டு தடவ ஆடுச்சு. அப்புறம் பாம்பை வெளிய இழுத்துட்டு வந்து போட்டான். அவனுக்கு ஒண்ணும் ஆகல. அம்மாதான் மூட்டையப் பாத்துட்டு, அவனப் பாத்துட்டு, மூட்டை மேலயே உக்காந்துருச்சு.

பன்னி கிட்ட வந்து நெஞ்சத் தடவிட்டுச் சொன்னாரு, மனசார: "நல்லவேளை தம்பி, நீ எங்கயும் போகல. போயிருந்தா எங்கள யாரு பாக்கிறது?"

கருமந்தி மேல இருந்தே, "சரி சரி, பாம்ப இழுத்துட்டு ஓரமாப் போப்பா, பிள்ளைங்க பயப்படுது"ன்னாரு.

நீதி: திறமை இருந்தா வெளிய தெரியாமப் பாத்துக்குங்க. தெரிஞ்சா ஊரே சேந்து வாழ்த்திரும்.

என்னடா பாக்குறீங்க? ஆமா, ரெண்டு ஃப்ளெக்ஸ்லயும் நான் இருந்தேன். ரெண்டு தலைவரும் போட்டோ கேட்டாங்க, நல்லதாப் பாத்துக் குடுத்தேன். அவன் என்ன முடிவு பண்ணியிருக்கான்னு நான் கேக்கவே இல்ல.