தண்டல் வீட்டுப் பிளான்

நோட்டீஸை ஒட்டியவன் பசையைக் கொஞ்சம் தாராளமாகவே தடவியிருந்தான். அதைக் கதவிலிருந்து கிழியாமல் உரிக்க பக்ருதீன் அரை மணி நேரம் போராடினார். ஊருக்கெல்லாம் வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கிற மனுஷன். ராயபுரத்தில் பாதி வீடு அவருடைய பலகையில் பிறந்ததுதான். அவர் வீட்டுக் கதவிலேயே கட்டட ஆபீஸ் நோட்டீஸ் தொங்கினால் தெரு சிரிக்காதா? சிரித்தது. எதிர்வீட்டில் இரண்டு பேர் பல் விளக்குகிற சாக்கில் வெளியே வந்து நின்று சாவகாசமாகப் பார்த்தார்கள்.

நோட்டீஸ் சொன்னது இதுதான். இந்தக் கட்டடத்துக்கு முன்பே அனுமதி பெற்ற பிளான் இருந்தால் முப்பது நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் புதுப் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கட்டடம் அகற்றப்படும்.

வீடு அவர் மனைவி பதுருன்னிசாவுடையது. அவளுடைய அத்தா ரஹீம் துறைமுகத்தில் படகுத் தண்டல். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகில் பத்துப் பேரை மேய்த்தவர். முப்பத்தொன்றாம் வருஷம் இதைக் கட்டி, மகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ரயில்பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அறை, கடைசியில் அடுப்படி. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது நடப்பது ஐம்பத்து மூன்றாம் வருஷம். திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜெரினாவுக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வரவேண்டும். அதற்காகப் பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டிலுக்குப் புதுக்கயிறு போட்டு வைத்திருந்தாள் பதுருன்னிசா. ஜெரினா பிறந்ததும் அதே அறையில்தான்.

"இன்னாங்க அது?" என்று கேட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னார். "அத்தா கட்டச்சொல்ல…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"உங்க அத்தா தண்டல். மூட்டை எறக்குனவரு. அவுருக்கு இன்னா தெரியும் பிளானைப் பத்தி? கயிறு புடிச்சுக் கட்டுன வூடு இது. நீ போயி டீ போடு."

அவள் போய் டீ போட்டாள். இருபது வருஷமாக அவள் ஆரம்பித்த வாக்கியங்களில் பாதி டீயில்தான் முடிந்திருக்கிறது.

டீ வடிகட்டிய துணி வெள்ளைவெளேரென்று இருந்தது. பிளான் போடுகிறவர் வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. பிளான் வரைகிற டிரேசிங் துணி பார்ப்பதற்கு மெழுகுக் காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். எல்லாம் கஞ்சி. வெந்நீரில் இரண்டு தரம் அலசினால் கஞ்சியும் போகும், அதன் மேல் போட்ட கோடும் போகும். மிச்சம் நிற்பது மல்லுத்துணி. வேண்டாத பிளான் எதையும் வீசக்கூடாது என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே பக்ருதீன் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் வடிகட்டி, கைக்குட்டை, ஜெரினா குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டை, எல்லாமே ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வீடு.

போன மாதம் நோன்புப் பெருநாளுக்கு அவள் தைத்துக் கொடுத்த தொப்பியும் அப்படித்தான். ஆனால் அது ஒசத்தி ரகம். இவ்வளவு நைஸான துணி இப்போதெல்லாம் வருவதே இல்லை என்று அவரே விரலால் நிமிண்டிப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். பெருநாளிலிருந்து அதைத் தலையிலிருந்து எடுப்பதே இல்லை. அந்தத் தொப்பியோடுதான் கட்டட ஆபீசுக்குப் போனார்.

ஆபீசில் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பன் மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொன்னார். "பாய், தொப்பி ரொம்ப நல்லா இருக்கு" என்றுகூடச் சொன்னார். ஆனால் யார் கையிலிருந்தும் ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய கோளாறு. அவர் எழுந்து போனதும், ஆபீஸ் பியூன் மண்ணாங்கட்டியும் தொப்பியைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தான்.

பக்ருதீன் ஒரே நாளில் பிளான் போட்டுக் கொடுத்தார். இருக்கிற வீட்டை இருக்கிறபடியே வரைந்தார். ஒரே ஒரு பொய் மட்டும் சேர்த்தார். வாழும் அறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று வர ஜன்னல் வேண்டும் என்பது சட்டம். நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. அடுத்த வீட்டுச் சுவரில் ஏது ஜன்னல்? அதனால் காகிதத்தில் ஒன்று போட்டார். ராயபுரத்தில் இப்படி நூற்றுக்கணக்கான ஜன்னல்களை அவர் திறந்து வைத்திருக்கிறார். எதிலும் காற்று வந்ததில்லை. எந்த அதிகாரியும் வந்து பார்த்ததுமில்லை.

கிருஷ்ணப்பன் டேப்போடு வந்துவிட்டார். நடு அறைக்குள் நின்று பிளானைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"ஜன்னல் எங்கே பாய்?"

தொழில் மானம் போய்விடுமே என்று பக்ருதீனுக்கு வியர்த்துவிட்டது. "தெறக்கப் போறோம் சார். நாளைக்கே" என்றார்.

மறுநாள் கொத்தனார் வந்து சுவரைக் குத்தினார். செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சீனியம்மாளின் அடுப்பு. மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஓட்டை வழியாக அவள் முகம் தெரிந்தது. அவள் சொன்னதையெல்லாம் அச்சில் போட முடியாது. பக்ருதீனின் ஏழு தலைமுறை அதில் அடக்கம். சொல்லி முடித்துவிட்டு நேராக ஆபீசுக்குப் போய் எழுதியும் கொடுத்துவிட்டாள்.

கிருஷ்ணப்பன் மறுபடி வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் அடுத்தவர் அடுப்படியில் திறக்கக்கூடாது, வானம் தெரிகிற இடத்தில் திறக்க வேண்டும், அதற்குச் சுவரை மூன்றடி உள்ளே தள்ளி நடுவில் சந்து விட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பக்ருதீன் இரண்டாவது பிளான் வரைந்தார். சுவர் மூன்றடி உள்ளே வந்தது. நடு அறை ஐந்தடி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. ஐந்தடி அகலத்தில் இருப்பதை அறை என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

அதனால் மூன்றாவது பிளான். நடு அறையையும் பின்னறையையும் ஒன்றாக்கிவிட்டால் அளவு சரியாக வரும் என்று கணக்குப் போட்டார். காகிதத்தில் அழகாக வந்தது. நடுச்சுவரை இடிப்பதற்கு முன்னால் கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு, உத்திரம் இதன் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். பிளான் போடுகிறவன் நானா நீயா என்று திருப்பிக் கேட்டார் பக்ருதீன். கொத்தனார் இடித்தார். கொஞ்ச நேரத்தில் உத்திரம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதன் மேலிருந்த நாட்டு ஓடு மொத்தமும் சரிந்து கட்டிலின் மேல் இறங்கியது. நல்லவேளை, கட்டிலில் யாரும் இல்லை. புதுக்கயிறு அறுந்துபோனது.

பதுருன்னிசா ஓட்டுச் சில்லுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் வாசலில் கொட்டினாள். அன்று முழுக்க அதையேதான் செய்தாள். அழுதிருந்தால் பக்ருதீன் அதட்டியிருப்பார். அவள் அழாமல் வேலை செய்தது அவருக்குத் தாங்கவில்லை.

நான்காவது பிளானில் அடுப்படி போயிற்று. கக்கூசுக்கும் அடுப்படிக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரம் இல்லையாம். ஐந்தாவது பிளானைக் கையில் வாங்கிய கிருஷ்ணப்பன் அதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். பிறகு, இவ்வளவு இடித்தபின் இது பழைய கட்டடம் ஆகாது, புதுக்கட்டடம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். புதுக்கட்டடம் என்றால் தெருவிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்க வேண்டும். பின்னால் பத்தடி காலி விட வேண்டும்.

"சார், மிச்சம் கீறது அந்த முன்னறை ஒண்ணுதான்" என்றார் பக்ருதீன்.

"தெரியுது பாய். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

முன்னறையும் போயிற்று. ஆபீஸ் ஆள் ஒருவன்கூட வந்து ஒரு செங்கல்லைத் தொடவில்லை. எல்லாம் அவரே ஆள் வைத்து, அவரே பிளான் போட்டு, கோடு பிசகாமல் இடித்தது. தெருவில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. சீனியம்மாள்தான் முதலில் வந்தாள். இரண்டு வேளைச் சோறு அவள் வீட்டிலிருந்து வந்தது. அந்த ஓட்டை வழியாகத் திட்டியவள் இப்படிச் செய்ததும், பக்ருதீன் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் யாரிடமோ கெஞ்சி வாங்கிவந்த தார்ப்பாயை நாலு கழியில் கட்டி, அதன் கீழே இருந்தார்கள். கடல்காற்று ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தது. திருவொற்றியூரிலிருந்து சம்பந்தி அம்மாள் மரியம் ஆள் அனுப்பினாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் படுக்க வைக்க ஒரு கூரை இல்லாத வீட்டுக்கு அனுப்ப முடியாது, இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறோம், அப்புறம் அந்தப் பெண்ணுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருந்ததாகவே பேச வேண்டாம் என்று செய்தி. வந்தவன் சொல்லிவிட்டு, நனைந்த கட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். ஜெரினாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது.

அன்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்ததில், இந்த வீட்டைக் கெடுத்தது அந்தத் தண்டல்தான் என்று பக்ருதீன் முடிவுக்கு வந்தார். முறையாக ஒரு பிளான் வாங்கிக் கட்டியிருந்தால் இவ்வளவு பாடு ஏது? விடிந்ததும் அதை மனைவியிடம் சொல்லவும் சொன்னார். அவள் தார்ப்பாயில் தேங்கிய மழைநீரைக் கழியால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாவது பிளானைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சட்டத்துக்கு இம்மி பிசகாத பிளான். முன்னால் ஐந்தடி காலி, பின்னால் பத்தடி காலி, பக்கத்தில் மூன்றடி காலி. காற்று வாங்க எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். படுக்க மட்டும் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. பிரசவ அறை என்று போடுவதற்குக் காகிதத்தில்கூட இடமில்லாமல் போய்விட்டது.

மறுநாள் காலை மண்ணாங்கட்டி குடை இல்லாமல் நனைந்துகொண்டே ஓடிவந்தான். தார்ப்பாய்க்குள் குனிந்து நுழைந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"பாய், இன்ஸ்பெக்டர் அனுப்புனாரு. உன் பிளானுக்கு நம்பர் போடப் பழைய ரிஜிஸ்தரைப் பொரட்டிக்கினு இருந்தாரு. உன் மாமனாரு பேரு கீது அதுல."

"தண்டல் பேரா?"

"தண்டல் ரஹீம்னே எழுதிக்கீது. முப்பத்தொண்ணுல பிளான் பாஸாயி, சீலு குத்தி, துணியிலே ஒரு காப்பி கையிலே குடுத்துக்கீறாங்க. ஆபீஸ் காப்பியைக் கரையான் தின்னுட்டுது. அந்தத் துணிக் காப்பியை இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து காட்டுனா, இந்தப் பிளானைக் கிழிச்சுப் போட்டுர்றேன்னு சொன்னாரு. பழைய அஸ்திவாரத்து மேலயே மூணு ரூமும் திரும்பக் கட்டிக்கலாமாம். முன்னாலயும் வாணாம், பின்னாலயும் வாணாம், யாரும் ஒண்ணும் கேக்க முடியாதாம்."

பக்ருதீன் எழுந்த வேகத்தில் தலை தார்ப்பாயில் முட்டியது. தண்டல் பிளான் வாங்கியிருக்கிறார்! மூட்டை இறக்கிய அந்த மனிதர் ஆபீசுக்கு நடந்து, வரிசையில் நின்று, சீல் குத்தி வாங்கிக்கொண்டுதான் முதல் செங்கல்லையே வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் அவரைப் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்து பக்ருதீனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. கொத்தனாரை இன்றைக்கே பிடித்தால் பத்து நாளில் ஓர் அறையாவது எழுப்பிவிடலாம். ஜெரினாவைக் கூட்டிவந்துவிடலாம்.

மாமனாரின் தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. இழுத்துத் திறந்து கவிழ்த்தார். படகு லைசன்ஸ், ஒரு பித்தளை விசில், கண்ணாடி இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடி, யாருடையதோ ஒரு கல்யாணப் பத்திரிகை விழுந்தன. பெட்டியின் அடித்தகரத்தைத் தட்டிப் பார்த்தார். மூடியின் உட்பக்கம் தடவிப் பார்த்தார். பிளான் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவர் மனைவியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"பதுரு, இதுல உங்க அத்தா ஒரு துணி வெச்சிருந்தாரா? மெழுகு போட்ட மாதிரி, வெறைப்பா, ஓரத்துல நீலமா சீலு குத்தினது?"

பதுருன்னிசா நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு அதற்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்தபடியே வெந்நீர்ல ரெண்டு தபா அலசுனேங்க, கோடெல்லாம் போயிட்டுது, சீலு மட்டும் போவல, அதை உள்பக்கமா மடிச்சுத் தெச்சுட்டேன், பெருநாள்லேந்து உங்க தலையிலதான் கீது."