பால் பொங்கியது, கொதிகலன் வற்றியது

என் பிழைக்கு இன்னொரு மனிதரைத் தண்டனை வாங்க விட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் வைத்தால், சிரித்த களைப்பில் நீங்கள் என்னை மன்னித்துவிடக்கூடும்.

நான் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன். லண்டனில் நோர்பரியில் வசிக்கிறேன். நீர் எப்படி ஆவியாகிறது என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன். (இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்காதீர்கள், எனக்கே தாங்காது.) ஓய்வு பெற்றதும் வீட்டில் இருந்துகொண்டு மனைவி பவானியின் சமையலுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, வெளியில எங்கயாவது போய் ஆருக்காவது உபயோகமா இருங்கோவன்."

அப்படித்தான் அந்தச் சின்ன ரயில்பாதைக்குப் போய்ச் சேர்ந்தேன். லண்டன் தேய்ந்து வயல்வெளியாக மாறும் இடத்தில் அது இருக்கிறது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் குழியிலிருந்து பெரிய ரயில்பாதைக்குக் கல் இழுப்பதற்காகப் போட்டது. குழியை மூடியதும் பாதையில் முட்செடி மண்டியது. பிறகு எஞ்சின் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து அதை வெட்டி மீட்டு, வார இறுதிகளில் ரயில் விடுகிறார்கள். சம்பளம் கிடையாது, கரியும் மழையும் தாராளம். நீராவியில் ஓடுவது ஒரே எஞ்சின்தான், டோரதி. முதுகில் தண்ணீர்த் தொட்டியைச் சுமக்கும் ஆறு சில்லில் உருளும் குள்ளி. 'பிரிகேடியர்' என்று இன்னொன்று கொட்டகையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதைப் பொருத்திப் பூட்டி முடிப்பதற்குள் பூட்டுகிறவர்கள் முடிந்துவிடுவார்கள்.

டோரதியை ஓட்டியவர் டெரிக். என் வயதுக்காரர். மனைவியை இழந்தவர். அவருக்கு வீடு என்பது சனிக்கிழமை வரும்வரை காத்திருக்கும் இடம். எனக்குக் கரி போடப் பழக்கியவர் அவர்தான். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு பாடம்.

"சிவா, வேறு எதை மறந்தாலும் தண்ணீர்க் கண்ணாடியைப் பார்."

கொதிகலனுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது. நெருப்புக்கு மேலே இருக்கும் தகட்டைத் தண்ணீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் எஞ்சினே வெடிக்கலாம் என்பதால், தகட்டில் ஈயம் அடைத்த ஓர் ஆணியை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றினால் ஈயம் உருகும், நீராவி கீழே பாய்ந்து நெருப்பை அணைக்கும். எஞ்சின் தப்பும், மானம் போகும். ஓர் எஞ்சின்காரர் ஈயத்தை உருக்கினார் என்றால், அவருடைய செத்தவீட்டிலும் அதைத்தான் பேசுவார்கள்.

தை மாதத்தில் அந்தப் பாதைக்கு ஒரு காகமும் வராது. ஒரு கூட்டத்தில் நான் எழுந்து, பெட்டி நிறையத் தமிழரைக் கொண்டுவருகிறேன், 'பொங்கல் ரயில்' விடுவோம் என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் எனக்கு ஆகாது. அந்த உற்சாகத்தில், எஞ்சின் நெருப்பிலேயே பால் பொங்குவோம் என்றும் சொல்லிவிட்டேன். டெரிக் யோசிக்காமல் சரி என்றார். கரி அள்ளும் சவளை நெருப்பு வாசலில் நீட்டி அதில் முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிப்பது அவர்களுடைய வழக்கம். பால் என்ன பெரிய காரியம்?

பவானிக்கு அது பெரிய காரியம்.

"பண்டி பொரிச்ச சவளிலயோ சூரியனுக்குப் பொங்கப் போறியள்?"

"புதுச் சவள் வாங்குறன்."

"மஞ்சள் தண்ணியில கழுவோணும்."

"கழுவுறன்."

"கழுவி என்ன? உங்கட நாக்கைக் கழுவியிருந்தா இது வந்திராது."

அன்று விடிந்ததா என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியாது. வானம் கரிச்சாக்கைப் போலத் தொங்கியது. சூரியனுக்கு நன்றி சொல்ல வந்த எங்கள் சனம், சூரியன் எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு ரயில் மேடையில் நடுங்கியது. ரயில் மேட்டில் ஏறி மேல் நிலையத்தில் நின்றதும், எஞ்சினுக்குள் புதுச் சவளில் சின்னப் பித்தளைப் பானையை வைத்து, நெருப்பு வாசலில் பிடித்தேன். பால் அசையவில்லை. ஐஸ்பெட்டியிலிருந்து நேரே வந்த பால். இடையிடையே பானையை இறக்கிவைத்து, பழைய சவளால் இன்னும் கரி போட்டேன். நெருப்பு எழும்ப, அழுத்தம் கூடி, மேல் வால்விலிருந்து நீராவி வீணாகச் சீறிக்கொண்டிருந்தது. சீறியது அத்தனையும் கொதிகலனின் தண்ணீர். இது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நானே படிப்பித்திருக்கிறேன்.

டெரிக் சில்லுகளுக்கு எண்ணெய் விடக் கீழே இறங்கியிருந்தார்.

"சிவா, தண்ணீர் எப்படி?"

"அரைக் கண்ணாடி!" என்றேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் கழித்துக் கண்ணாடியின் பக்கம் கண் போனது. தண்ணீர் அடியில் கிடந்தது. கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பிடியில் கையை வைத்தேன். அந்த நேரம் பார்த்து மேடையில், எங்களோடு வந்த பரமேஸ்வரி அக்கா தேவாரத்தைத் தொடங்கினார். பிடியைத் திறந்தால் காது கிழியும் இரைச்சல் வரும். பாட்டு முடியட்டும் என்று கையை எடுத்தேன். (பரமேஸ்வரி அக்கா ஒரு தேவாரத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை.)

பால் மெல்ல நுரைத்து, விளிம்பு தட்டி எழுந்தது.

"கிழக்குப் பக்கமோ பாருங்கோ!" என்று பவானி கத்தினாள்.

"பொங்கலோ பொங்கல்!" என்றது மேடை.

'டும்' என்று ஒரு சத்தம், ஈயம் போய்விட்டது. பின்னாலேயே பேரிரைச்சல். நெருப்பு வாசலால் நீராவியும் சாம்பலும் பாலும் ஒன்றாய் வெளியே வந்தன. டெரிக் எப்படி ஏறினார் என்று தெரியாது. என் சட்டைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, நெருப்புக் கதவை அறைந்து சாத்தினார். நான் மேடையில் சாம்பலும் பாலுமாக, அபிஷேகம் முடிந்த சிவலிங்கம்போல விழுந்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"அந்த மாதிரி வெடி, மாஸ்டர்! ஊரிலகூட இப்பிடிக் கேட்டதில்லை," என்றார் பக்கத்து வீட்டு நடேசண்ணை. "இன்னுமொண்டு இருக்கோ?"

டெரிக்கின் முழங்கை வரை தோல் சிவந்து, வழன்று உரிந்திருந்தது. அவர் கையைப் பார்க்கவில்லை. டோரதியைத் தொட்டுக்கொண்டு நின்றார். டீசல் எஞ்சின் ஒன்று வந்து எங்களை இழுத்துப் போனது. பெட்டியில், வீட்டில் செய்து கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கல் சுற்றி வந்தது.

ரயில்பாதைக்காரர் நடத்திய விசாரணையில் தலைவர் என்னைத்தான் முதலில் கேட்டார்: "ஓட்டுநர் உங்களிடம் தண்ணீரைப் பற்றி விசாரித்தாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கைதட்டிய அதே முகங்கள்.

"இல்லை," என்றேன்.

டெரிக் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மறுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "எஞ்சினுக்கு ஓட்டுநர்தான் பொறுப்பு," என்று மட்டும் சொன்னார். அவருடைய ஓட்டும் அனுமதியை ஒரு பருவத்துக்குப் பறித்தார்கள். என்னிடம், பழகுநர்தானே, இனிக் கவனம் என்றார்கள். ஒருவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். குடித்தேன்.

அந்தக் கோடை முழுவதும் டெரிக் வரவில்லை. பழுது பார்த்த டோரதியை வேறொருவர் ஓட்டினார். நான் டிக்கெட் கிழித்தேன். இரவில் படுத்தால் அந்த 'இல்லை' காதில் விழும். கடைசியில் பவானியிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த மனிசன்ர கையில மருந்து பூசினது நானப்பா," என்றாள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து உள்ளதைச் சொன்னேன். என்னை எஞ்சின் பக்கமே வரக்கூடாது என்றார்கள். சரிதான். டெரிக்கின் தண்டனையை நீக்கினார்கள். செய்தியை நானே கொண்டுபோகிறேன் என்று அவருடைய வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தை அல்ல, என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தார். கண் பார்வை நடுவில் மங்கிவிட்டது, இனிக் கார்கூட ஓட்டக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். அவருக்கு மிச்சமிருந்த ஒரே கோடையை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

வாசலில் நின்று, நான் என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை கடைக்குப் போகவேண்டும்," என்றார்.

இப்போது ஒவ்வொரு வியாழனும் என் காரில் அவரைக் கூட்டிப்போகிறேன். பக்கத்தில் இருந்துகொண்டு, பிரேக்கை முரட்டுத்தனமாக மிதிக்கிறேன், வளைவில் வேகம் அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே வருவார். மேட்டில் ஏறும்போது, கரி போடு என்பதுபோல என் முழங்காலில் தட்டுவார். எங்கள் வீட்டில் இது நிரந்தரப் பகிடியாகிவிட்டது. வியாழன் காலையில் நான் சப்பாத்துப் போட்டால், "அப்பா, உங்கட டிரைவர் காத்திருப்பார், கெதியாப் போங்கோ," என்பாள் மகள். "எஞ்சினுக்குச் சாப்பாடு குடுத்தாச்சு," என்பாள் பவானி, என்னைக் காட்டி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வியாழன் மழை. சந்தியில் விளக்குக்காக நின்றபோது, இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டேன்.

"டெரிக், என்னை மன்னித்துவிட்டீர்களா?"

அவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"பச்சை விழுந்துவிட்டது," என்றார். "போ."

விளக்கு இன்னும் சிவப்பில்தான் நின்றது. நான் அதைச் சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, அது மாறும்வரை அவர் பக்கத்தில் காத்திருந்தேன்.