நாலு வீட்டுக்கு ஒரு லைன்

ஒரு காலில் மட்டும் செருப்போடு முத்துக்குமாரு ஒழுங்கையால் ஓடிக்கொண்டிருந்தார். கையில் இரும்பு அலுமாரியின் பூட்டுத் திறப்பு. வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது.

பத்து மணிக்கு அவருடைய ஒரே மகள் வினோஜாவுக்கு இன்ரவியூ. கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனம், கணினித் திரையிலேயே கேள்வி கேட்கப்போகிறது. இதில் தேறினால் நீர்வேலியில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். தவறினால் அடுத்ததாகக் கையில் இருப்பது கொழும்புக்கே போய் அறை எடுத்துத் தங்கிச் செய்கிற வேலை. அதை நினைத்து முத்துக்குமாரு மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நேரம் பார்த்து, அலுமாரியைத் திறந்தால் றூட்டரில் சிவப்பு லைற்.

"எங்கையோ களவு இறைப்பு நடக்குது" என்றார். அவ்வளவுதான், வெளிக்கிட்டு ஓடத் தொடங்கிவிட்டார்.

இறைப்பு என்பது தோட்டக் கிணற்றுப் பேச்சு. அது இன்ரநெற்றுக்குள் வந்து விழுந்த கதையைத் தெரிந்துகொள்ள ஒன்றரை வருடம் பின்னால் போகவேண்டும்.

முத்துக்குமாரு வாழைத்தோட்டக்காரர். அவருடைய தோட்டத்துக்கு ஆறு பேருக்குப் பொதுவான பங்குக் கிணறு. யார், எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் இறைப்பது என்று முறை பார்த்துக் கொப்பியில் எழுதுகிறவர் இருபத்தாறு வருடமாக அவர்தான். அந்தக் கொப்பியை மீறி ஒருவரும் ஒரு நிமிடம் கூடுதலாக எடுக்க அவர் விட்டது கிடையாது. பங்காளிகளில் ஒருவர் அவருடைய மாமனார். மகள் இரத்தினம்மாவின் கலியாணத்துக்கு முதல் நாள் அந்த மனுசன் பத்து நிமிடம் கூடுதலாக இறைத்துவிட்டார் என்று, மாப்பிள்ளை முத்துக்குமாரு நேரே போய் மோட்டரை நிறுத்தினார். கலியாணம் நடந்தது ஊர் செய்த புண்ணியம்.

வினோஜா சோதனைக்குப் படிக்க வீட்டுக்கு இன்ரநெற் தேவைப்பட்டபோது முத்துக்குமாரு மூன்று கொம்பனிகளின் விளம்பரத் தாள்களையும் பாயில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு தேங்காயை வைத்து ஆராய்ந்தார். முதலாவது, மூன்று மாதம் மலிவு, பிறகு கழுத்தைப் பிடிக்கும். இரண்டாவது, மாதக் காசு குறைவு, ஆனால் முற்பணம் கூட. மூன்றாவது நியாயம்தான், ஆனாலும் மாதா மாதம் ஒரு வாழைக்குலை போய்விடும். விடிய எழும்பினபோது விடை கிடைத்திருந்தது.

"ஒரு கிணத்திலை ஆறு பேர் இறைக்கலாம் எண்டால் ஒரு லைனிலை நாலு வீடு பாக்கேலாதோ?"

ஒழுங்கையில் இருந்தது நாலே வீடு. எதிர்வீட்டில் கேதீஸ்வரி ரீச்சர். பென்சன் எடுத்த பிறகு மெல்பேர்ணில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கணினியில் தமிழ் படிப்பிக்கிறவர். பக்கத்து வீட்டில் சிவரூபன். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை, கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மூலை வீட்டில் தில்லைநாதன் மாஸ்ரர். நோர்வேயிலிருக்கும் மகனோடு ஒவ்வொரு நாளும் முகம் பார்த்துக் கதைக்கவேண்டும். மூவரும் சந்தோசமாகப் பங்குக்குச் சேர்ந்தார்கள். முத்துக்குமாரு வீட்டில் லைன், பில் நாலாகப் பிரியும்.

முதல் மாதம் பதினோராம் திகதியே டேற்றா முடிந்துவிட்டது.

"கிணறு வத்திப்போச்சு" என்று அறிவித்த முத்துக்குமாரு, புதுக் கொப்பி ஒன்று வாங்கி முறை எழுதினார். ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் மூன்று மணித்தியாலம். முறை இல்லாத நேரத்தில் ஒருவரும் தொடக்கூடாது.

தொட்டார்கள். யாரென்று தெரியவில்லை. எனவே, ஒவ்வொரு முறை மாறும்போதும் பாஸ்வேர்ட்டையும் மாற்றினார். கதலி, கப்பல், இதரை, மொந்தன் என்று வாழையினங்களின் பெயரும் பின்னால் ஒரு எண்ணும். அதை வீடு வீடாகப் போய்க் காதுக்குள் சொல்லிவிட்டு வருவார். தில்லைநாதன் மாஸ்ரருக்குக் காது மந்தம். அவருக்குச் சொன்னது சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது.

பிறகு துண்டில் எழுதி வேலியில் செருகினார். அதை மாஸ்ரரின் ஆடு தின்றது. அன்று முறை ஆட்டுக்குப் போய்விட்டது என்று சிவரூபன் சொன்ன பகிடி முத்துக்குமாருவுக்குப் பிடிக்கவில்லை. றூட்டரை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். இரும்பைத் தாண்டி வெளியே வந்த வேகம் தவழுகிற குழந்தையின் வேகம். வினோஜா அலுமாரிக் கதவில் சாய்ந்திருந்து படித்தாள்.

அந்தக் கிழமைதான் சிவரூபன் வாயைத் திறந்தான்.

"மாமா, குறை நினைக்காதேங்கோ. நான் தனியா ஒரு லைன் எடுக்கலாமெண்டு பாக்கிறன். காசு கொஞ்சம் கூடத்தான். ஆனா நிம்மதியா மட்ச் பாக்கலாம்."

 முத்துக்குமாரு வீட்டுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானச் சாப்பாடு அப்படியே கிடந்தது. இரவுச் சாப்பாடும் அப்படியே. இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் அவருடைய முறையை விட்டு விலகினதில்லை.

மறுநாள் அவர் தோட்டத்துக்குப் போன பிறகு மனைவி இரத்தினம்மா வேலியோரம் நின்று சிவரூபனோடு கனநேரம் கதைத்தார். பின்னேரம் சிவரூபன் வந்து, தான் சொன்னதைப் பெரிதாக எடுக்கவேண்டாம் என்றும் பங்கிலேயே இருப்பதாகவும் சொல்லி, அந்த மாதக் காசையும் முன்கூட்டியே கட்டினான். முத்துக்குமாரு எழும்பி இரண்டு தட்டுப் புட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிசயம். ஒழுங்கையில் ஒரு சண்டை இல்லை. ஒருவரும் முறை தவறவில்லை. டேற்றா மாதக் கடைசி வரை நின்று, மிச்சமும் வந்தது. மூன்று வீட்டுக் காசும் முதலாம் திகதியே வந்து சேர்ந்தது. தோட்டத்தில் சந்திக்கிற எல்லோரிடமும் முத்துக்குமாரு இதையே சொன்னார். கொம்பனிக்காரன் கேட்கிற காசைக் குடுக்கிறவன் மடையன், முறையாப் பாவிச்சால் நாலில் ஒரு பங்கு காணும் என்று.

இந்த நிலையில்தான் இன்ரவியூக் கடிதம் வந்தது. வியாழன் பத்து மணி. கொப்பியைப் பார்த்தால் அது கேதீஸ்வரி ரீச்சரின் முறை.

"ரீச்சரிட்டைக் கேட்டால் தருவா அப்பா" என்றாள் வினோஜா.

"கேட்டு வாங்கினால் அது முறையில்லைப் பிள்ளை. மாத்தித்தான் எடுக்கவேணும். நாளைக்கு ஆரும் என்னைப் பாத்து, தன்ரை மகளுக்கெண்டால் ஒரு ஞாயம் எண்டு சொல்லக்கூடாது."

ரீச்சருக்கு ஈடாகச் சிவரூபனின் வெள்ளிக்கிழமை. சிவரூபனுக்கு மாஸ்ரரின் ஞாயிறு. மாஸ்ரருக்கு முத்துக்குமாருவின் சொந்தத் திங்கள். எழுதி, கோடு கீறி, மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒருவரும் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வேகம்தான் அவருக்குச் சின்னதாக ஒரு ஐமிச்சத்தைத் தந்தது.

இப்போது சிவப்பு லைற்றைப் பார்த்ததும் அந்த ஐமிச்சம் ஆளை ஓட வைத்தது.

முதலில் ரீச்சர் வீட்டுப் படலை வாசல். உள்ளேயிருந்து ரீச்சரின் குரல் கணீரென்று வந்தது. "அம்மா, ஆடு, இலை... ஓம், வடிவாச் சொல்லு பாப்பம்."

"ரீச்சர்" என்றார் முத்துக்குமாரு. "இண்டைக்கு உங்கடை முறை மாத்தியாச்செல்லோ. வகுப்பு எப்பிடி நடக்குது?"

ரீச்சர் வாசலுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. வகுப்பு ஒன்றும் இல்லை, நாளைக்குப் படிப்பிக்கத் தனியே சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

"தனியாச் சொல்லேக்கை ஏன் ஓம் எண்டு பதில் சொல்லுறியள்?"

"எனக்கு நானே சொல்லுறன் அண்ணை. முப்பது வருசப் பழக்கம்."

எதற்கும் கணினியை அணைத்துவிடும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு, சிவரூபன் வீட்டுக்கு ஓடினார். சிவரூபன் சாய்மனைக் கதிரையில் கிடந்து போனில் மட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். அது போன மாத மட்ச் என்றும், போனில் இறக்கி வைத்திருந்தது என்றும் சொன்னான்.

"போன மாச மட்ச்சுக்கு ஏன்ரா கதிரை நுனியிலை இருக்கிறாய்?"

"முடிவு மறந்துபோச்சு மாமா."

அவனையும் நிறுத்தச் சொல்லி, மூலை வீட்டுக்குப் போனால், தில்லைநாதன் மாஸ்ரர் மகனோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். முத்துக்குமாரு சைகையாலேயே நிறுத்தச் சொன்னார். மாஸ்ரர் நல்ல மனுசன். மகனுக்கு, முத்துக்குமாரு வந்து நிற்கிறான், பிறகு எடு என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மூன்று களவு இறைப்பையும் அடைத்தாயிற்று. மூச்சு வாங்க வீடு வந்து சேர்ந்தபோது பத்து அடித்து மூன்று நிமிடம். அறைக் கதவு சாத்தியிருந்தது; சிவரூபன் வீட்டுப் பக்கத்து யன்னல் மட்டும் அகலத் திறந்திருந்தது. வாசலில் இரத்தினம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வினோஜாவின் ஆங்கிலம் வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் தடங்கலில்லாமல் ஓடியது. எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கூடத் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியே" என்று கிசுகிசுத்தார் முத்துக்குமாரு. "நாலு வாய்க்காலை மறிச்சால் ஒண்டிலை வெள்ளம் வரும்."

"ஓமப்பா" என்றார் இரத்தினம்மா, வேறெங்கோ பார்த்தபடி.

அடுத்த முக்கால் மணித்தியாலமும் முத்துக்குமாரு ஒழுங்கை முகப்பில் காவல் நின்றார். ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்த மீன்காரனைச் சந்தியோடு திருப்பி அனுப்பினார். ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினை எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகவைத்து, தானும் பின்னால் நின்று தள்ளினார்.

கடைசியில் வினோஜா வெளியே ஓடிவந்தாள்.

"அப்பா, கிடைச்சிட்டுது. ஒண்டாம் திகதி தொடங்கட்டாம். வீட்டிலையிருந்தே செய்யலாமாம்."

முத்துக்குமாரு மகளைக் கட்டிப்பிடிக்கவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லை. சந்தைக்கென்று வைத்திருந்த ஆக நல்ல கதலிக் குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டார். வீட்டுக்கு மூன்று சீப்பு வெட்டிக் கொடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இண்டைக்கு என்ரை பிள்ளைக்கு வேலை கிடைச்சது உங்களாலைதான். நீங்கள் மூண்டு பேரும் உங்கடை பங்கை விட்டுத் தந்தபடியால்தான் அவளின்ரை முகம் கொழும்பிலை தெளிவாத் தெரிஞ்சது. இதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

மூன்று பேரும் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரீச்சருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வினோஜாவைக் காணவில்லை.

அப்போது ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. பின்னால் ஏணி கட்டியிருந்தது. கொம்பனியின் லைன்காரர் பிரகாஸ். அவரைக் கண்டதும் சிவரூபனுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்தது. ரீச்சருக்கும் ஏதோ ஞாபகம் வந்தது. மாஸ்ரர்கூட, யாரும் ஒன்றும் சொல்லாமலே, புரிந்துகொண்டு நடந்தார்.

பிரகாஸ் ஏணியைச் சாத்தி ஏறி மேலே பார்த்தார். "ஐயா, உங்கடை வயர் அறுந்து தொங்குது. செவ்வாய்க்கிழமை வாழைக்குலை ஏத்தின லொறி ஒண்டு இழுத்துக்கொண்டு போயிருக்கு. அண்டைக்கே உங்கடை பிள்ளை போன் எடுத்துச் சொன்னவ. எனக்குத்தான் இண்டைக்கு வரை நேரம் கிடைக்கேல்லை."

முத்துக்குமாருவுக்குச் சிரிப்பு வந்தது. "உமக்குக் கண் பிசகிப்போச்சுத் தம்பி. இப்ப ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் பிள்ளை உதிலைதான் இன்ரவியூ குடுத்தவள். செவ்வாய்க்கிழமை லைன் அறுந்திருந்தால் இந்த ஒழுங்கையிலை மற்ற மூண்டு வீடும் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்குமோ?"

பிரகாஸ் ஏணியில் நின்றபடியே குனிந்து அவரைப் பார்த்தார்.

"அவை ஏன் ஐயா வாயைத் திறக்கப்போகினம்? நீங்கள் தோட்டத்துக்குப் போற நேரமாப் பாத்து, அந்த மூண்டு வீட்டுக்கும் போன வருசமே நான்தானே தனித்தனியா லைன் இழுத்துக் குடுத்தனான்."